சோறு ஊசட்டும்: விளையாட்டு படைப்போருக்கு ஒரு திறந்த மடல்



கணினியிலும் கைப்பேசியிலும் உயிர்பிழைக்கும் விளையாட்டுகளை உருவாக்கிக்கொண்டிருக்கும் தமிழ் இளைஞர்களுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் கோவையில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம், யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ இருக்கலாம். உங்கள் வேலையில் மரம் அசைகிறது, மழை பெய்கிறது, இருட்டினால் பயமாக இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு குறை. நீங்கள் கட்டும் உலகங்களில் சோறு ஊசுவதில்லை. ஊசினாலும் ஊசவேண்டிய விதத்தில் ஊசுவதில்லை.

தமிழ்ச் சமையலை வைத்து விளையாட்டு செய்ய முடியுமா என்று இனி யாரும் கேட்க முடியாது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வில், கனடாவுக்குக் குடிபோன தமிழ்ப் பெண் ஒருத்தி அம்மாவின் சிதைந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி அவிக்கிறாள். தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அங்கே புதிர். அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை 2024இல் அது வாங்கியது. ஆனால் வெண்பா வீட்டுக்குள் நடக்கும் கதை. தலைக்கு மேல் கூரை உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு. அதே அடுப்படி அறிவை மழையிலும் மலையிலும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதை எனக்குத் தெரிந்து இன்னும் யாரும் செய்து காட்டவில்லை.

நீங்கள் முன்மாதிரியாக வைத்திருக்கும் விளையாட்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். மைன்கிராஃப்டில் பச்சை மாட்டிறைச்சி பெட்டிக்குள் எத்தனை காலம் கிடந்தாலும் அப்படியே இருக்கும். டோன்ட் ஸ்டார்வில் பொருள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மாறி, கடைசியில் எல்லாமே ஒரே மாதிரி அழுகல் உருண்டையாகிவிடும். பழையதையும் புதியதையும் ஒன்றாக அடுக்கினால் இரண்டின் வயதையும் கூட்டிச் சராசரி போட்டுவிடும். எந்த வீட்டில் நேற்றைய குழம்பில் இன்றைய குழம்பை ஊற்றினால் இரண்டும் அரைநாள் வயதாகின்றன? கனடாக் குளிரில் நடக்கும் தி லாங் டார்க் இதில் கெட்டிக்கார விளையாட்டு. வெளியே பனியில் வைத்த இறைச்சி மெதுவாகத்தான் கெடும். ஆனால் அங்கும் சமையல் திறனின் உச்சத்தை எட்டியவர் எவ்வளவு பழசான இறைச்சியையும் சமைத்து அச்சமில்லாமல் தின்னலாம். தீ எல்லாவற்றையும் தூய்மையாக்கிவிடும் என்ற நம்பிக்கை அது. வேள்விக்குப் பொருந்தலாம், சோற்றுக்குப் பொருந்தாது.

இவை எல்லாவற்றிலும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. ஒவ்வொரு உணவுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது ஓடி முடிந்ததும் உணவு கெடுகிறது என்பது அந்த எண்ணம். நான் சொல்ல வருவது, அந்தக் கடிகாரத்தை உணவிலிருந்து கழற்றி இடத்திலும் ஆடுபவரின் கையிலும் வையுங்கள் என்பதுதான். அதைச் செய்து பார்க்கப் பழனிமலையைவிட வசதியான களம் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை.

பழனி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 300 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை வழியாக ஏறும் சாலையில் இடைத்தூரம் அறுபது, எழுபது கிலோமீட்டருக்குள்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குளிரும் என்பது பொதுக்கணக்கு. ஆகவே ஒரே நாளில், ஒரே வரைபடத்தில், உங்கள் ஆட்டக்காரர் பன்னிரண்டு டிகிரியைக் கடக்கிறார். கீழே முள்காடு, நடுவே வாழையும் காப்பியும் மிளகும், மேலே சோலையும் புல்வெளியும், பிறகு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நட்ட வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும். இத்தனையையும் ஒரு மலை தரும்போது அமேசானுக்கும் அலாஸ்காவுக்கும் ஏன் போகிறீர்கள்?

முதல் விதி எளிமையானது. பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் கெடும் வேகம் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் பொருளுக்குப் பொருள் இது மாறும். ஆட்டத்துக்கு இந்தக் கைக்கணக்கு போதும். பழனியில் பத்து மணி நேரம் தாங்கும் வெறுஞ்சோறு மேலே ஏறக்குறைய ஒரு முழு நாளைக் கடக்கும். மார்கழி, தை இரவுகளில் புல்வெளிகளில் உறைபனி விழும்போது இன்னும் கூட. ஒரு தம்பி என்னிடம் கேட்கக்கூடும்: அப்படியானால் எல்லோரும் மேலேயே இருந்துவிடுவார்களே, ஆட்டம் சப்பென்று ஆகிவிடாதா?

ஆகாது. ஈரம் என்ற இரண்டாவது கடிகாரம் இருக்கிறது. மேலே வெயில் குறைவு, மூடுபனி அதிகம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள் கணக்கில் துணி காயாது. உப்பு கசிந்து ஓடும், தீக்குச்சி நமத்துப்போகும், அப்பளத்தில் பூசணம் பூக்கும். குளிர் பாக்டீரியாவை அடக்கி வைக்கும் அதே இடத்தில் பூஞ்சைக்கு இலைபோட்டு விருந்து நடக்கிறது. கீழே நேர்மாறு. கறி மாலைக்குள் நாறிவிடும். ஆனால் அடிவாரத்து வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டால் வற்றல் சலசலவென்று காய்ந்துவிடும். மிளகாய், சுண்டைக்காய், கொத்தவரங்காய், உப்புக்கண்டம் எல்லாம் அடிவாரத்து வேலை. கீழே உலர்த்தி மேலே சேமிப்பவர் பிழைப்பார். மேலே உலர்த்தப் பார்ப்பவர் பூசணத்தைத்தான் அறுவடை செய்வார். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் உடல்சக்தியும் சேர்ந்துதான் ஆட்டம்.

தேன் கெடவே கெடாது என்பது விளையாட்டுக்காரர்கள் அனைவரும் நம்பும் செய்தி. எகிப்துக் கல்லறைத் தேன் கதையை எங்கோ படித்திருப்பீர்கள். மூடி இறுக்கிய உலர்ந்த தேனுக்கு அது பெருமளவு உண்மை. ஈரப்பதம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிய தேன் நுரைத்துப் புளிக்கும். மழைக்காட்டில், மூடி இல்லாத மூங்கில் குழாயில் வைத்த தேன் காற்றிலிருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும். உங்கள் விளையாட்டில் தேன் சாகாத பொருளாக இருக்கட்டும், ஆனால் மூடியிருந்தால் மட்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் மலை இது. 2006இலும் 2018இலும் பூத்தது. ஆட்டத்தின் காலக்கணக்கில் ஒரே ஒரு பருவம் மட்டும் குறிஞ்சித்தேன் கிடைக்கும்படி வைத்தால், அதற்காகவே ஒருவர் பத்து ஆண்டு உயிரோடு இருக்கப் பார்ப்பார்.

கெடுவது வேறு, புளிப்பது வேறு என்று நினைக்கிறோம். இரண்டையும் ஓட்டுவது ஒரே உயிர்கள் கூட்டம்தான், யார் முந்துகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. மீந்த சோற்றை வெறுமனே மூடிவைத்தால் காலையில் நூல்விடும். அதே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு, புளிப்பால் மற்றவற்றைத் தள்ளிவைக்கின்றன. பழைய சோறும் நீராகாரமும் ஏழைக்கு வாய்த்தவை என்று ஒதுக்கிவைத்த காலம் போய், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அதைப் பற்றி ஆய்வே நடந்திருக்கிறது. விளையாட்டில் இது முடிவெடுக்க எவ்வளவு அழகான இடம் என்று பாருங்கள். இரவு படுக்குமுன் ஆட்டக்காரர் ஒரு குவளை நல்ல தண்ணீரைச் சோற்றில் ஊற்றலாமா, குடிக்க வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்க வேண்டும். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அடிவாரத்தில் இந்த உபாயம் பலிக்கும். கொடைக்கானல் டிசம்பரில் பலிக்காது. காலையில் புளிக்காத, பல்லைக் கூசவைக்கும் சோறும் தண்ணீரும்தான் இருக்கும். இட்லி மாவு பொங்காமல் கல்லாக உட்கார்ந்திருப்பதும், பால் உறையாமல் பாலாகவே இருப்பதும் அங்கே குடும்பம் நடத்துகிற எவருக்கும் தெரியும். மாவுப் பானையை அடுப்போரம் வைப்பார்கள், கம்பளி சுற்றுவார்கள். விறகு செலவில்லாமல் அங்கே புளிப்பு கிடையாது.

அடுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாத உங்கள் கதாநாயகன் பழனியில் அரைமணியில் வேகவைத்ததை மேலே வெகுநேரம் வேகவைக்க வேண்டும், அதுவும் ஈர விறகில். குடிநீரும் அப்படித்தான். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும் என்று சொல்லும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் என்கிறது. கொடைக்கானல் அந்தக் கோட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி எடுக்க வைக்கும். அதில் இருக்கும் நச்சுப் புரதம் மிதமான சூட்டில் அழிவதில்லை, நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும். ஊறவைத்த நீரைக் கொட்ட வேண்டும், நெடுநேரம் கொதிக்கவைக்க வேண்டும். பச்சை, வெந்தது என்று இரண்டே நிலைகளை வைத்திருக்கிறீர்கள். இடையில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

தி லாங் டார்க்கின் தீ நம்பிக்கை ஏன் தப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் சோறு வேகும்போது சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடுகின்றன. அந்த நச்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. வேறு கிருமிகள் என்றால் ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்கூட ஆகும். ஆகவே ஊசியதைச் சூடாக்கினால் ‘சமைத்த உணவு’ என்று மாறிவிடும் விதியை முதல் வேலையாக அழித்துவிடுங்கள்.

விளைவு உடனே வரக்கூடாது என்பது இதிலிருந்தே கிளைக்கிறது. இதுதான் நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். மாரியோ 1985இல் காளானைத் தின்ற நொடியே பெரியவன் ஆனான். நாற்பது ஆண்டுகளாக நீங்களும் அதே வேகத்தில் சிவப்புக் கோட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். வயிறு அப்படி வேலை செய்வதில்லை. நேற்று மத்தியானம் சவரிக்காட்டில் தின்றதற்கு இன்று விடியலில் பேரிஜம் காட்டில் வயிறு பிடுங்கினால், ஆட்டக்காரர் உட்கார்ந்து யோசிப்பார்: எது செய்த வேலை, அந்த முட்டையா, ஓடைத் தண்ணீரா, கைகழுவாமல் தின்ற வாழைப்பழமா? திரையில் பச்சை மண்டையோடு காட்டிச் சொல்லிவிடாதீர்கள். தானாகக் கண்டுபிடிக்கட்டும். வயிற்றுப்போக்குக்கு மூலிகையைத் தொட்டதும் குணமாகும் பொத்தானும் வேண்டாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது உப்புப் போட்ட கஞ்சி. உங்கள் ஆட்டத்தில் உப்புக்கு வேறெந்தப் பொருளையும்விட மதிப்பு வந்துவிடும். வரவேண்டியதுதான்.

காளான் பேச்சை எடுத்துவிட்டதால் கொடைக்கானலின் பெயர்கெட்ட போதைக் காளானையும் பேசித்தான் ஆகவேண்டும். அதைத் தேடி வருகிற கூட்டம் ஒன்று உண்டு. அதிலுள்ள சைலோசைபின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். தயவுசெய்து அதை வண்ணவண்ண வெளிச்சம் தெரியும் பரிசுப் பொருளாக வைக்காதீர்கள். மலைச்சரிவில், இருட்டில், பாதை தெரியாமல் நான்கைந்து மணி நேரம் புத்தி தடுமாறினால் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான விளைவு. அதைவிட முக்கியம், காளான் பறிப்பதில் இருக்கும் சூதாட்டம். அமானிட்டா இனத்தின் நச்சுக் காளான்களைத் தின்றவருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அடுத்த நாள் தெளிந்ததுபோல் எழுந்து உட்காருவார். அதற்குப் பிறகுதான் ஈரல் செயலிழக்கும். இந்தப் பொய்த் தெளிவை எந்த விளையாட்டாவது பிடித்திருக்கிறதா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. இத்தனை ஆபத்துக்கும் கிடைப்பது என்ன தெரியுமா? நூறு கிராம் காளானில் இருபது சொச்சம் கலோரி. மூட்டையோடு மலையேறுபவர் மணிக்கு நானூறு, ஐந்நூறு கலோரியை எரிக்கிறார். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் குனிந்து பறிக்கவே மாட்டார்.

சக்தி வேண்டுமென்றால் கிழங்குக்குப் போகவேண்டும். பழனிமலையின் பளியர்கள் தலைமுறைகளாகக் காட்டு வள்ளிக்கிழங்குகளையும் தேனையும் நம்பி வாழ்ந்தவர்கள். வள்ளியில் தோண்டி அப்படியே சுட்டுத் தின்பதும் உண்டு, கசப்பும் நஞ்சும் போக அரிந்து, வேகவைத்து, ஓடும் நீரில் ஊறப்போட்டுத் தின்பதும் உண்டு. உங்கள் விளையாட்டுக்கு இது பொன்னான வழி. ஒரே கொடி, அறியாதவருக்கு வயிற்றுவலி, அறிந்தவருக்கு இரண்டு நாள் சாப்பாடு. அந்த அறிவைக் கடையில் வாங்கும் ‘திறன்’ ஆக்காதீர்கள். பளியரை இடுப்பில் இலையும் கையில் ஈட்டியுமாக, வந்தவனுக்கு வழிகாட்டிவிட்டு மறையும் பொம்மைகளாகவும் ஆக்காதீர்கள். அவர்கள் இன்று பேருந்தில் போகிறவர்கள், கைப்பேசி வைத்திருக்கிறவர்கள், வன உரிமை கேட்கிறவர்கள். கிழங்கை அகழ்ந்தபின் கொடியின் தலையை மறுபடி மண்ணில் புதைத்துவிட்டு வருவது காடறிந்தவர் வழக்கம். அதைச் செய்யாத ஆட்டக்காரருக்கு அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் கிழங்கு இருக்கக்கூடாது.

பாதுகாத்து வைக்கும் கலையில் இந்த மலைக்கு ஈடு சொல்ல ஆள் வேண்டும். பழனிப் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பாட்சி மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலம். சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. மலைவாழையில் இயல்பிலேயே நீர் குறைவு, இருக்கும் நீரையும் சர்க்கரை கட்டிப்போட்டுவிடுகிறது. நுண்ணுயிருக்குக் குடிக்க நீர் இல்லை என்பதால் குளிர்பெட்டி இல்லாமலே தாங்குகிறது. விருப்பாட்சி வாழைக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. விதியாக எழுதினால், கெடும் வேகத்தைத் தீர்மானிப்பது பொருளில் எத்தனை நீர் இருக்கிறது என்பதல்ல, எத்தனை நீர் கட்டில்லாமல் திரிகிறது என்பது. ஈரக்கரண்டி போட்டு எடுத்தால் அந்தக் காப்பு உடையும். உங்கள் ஆட்டக்காரரின் கை நனைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரி நிரல் எழுதிப் பாருங்கள், ஊறுகாய் வைத்திருக்கும் தாய்மார் எல்லோரும் கைதட்டுவார்கள். போகர் நவபாஷாணத்தில் செய்த சிலை, அதில் பட்டு வரும் பஞ்சாமிர்தம் மருந்து என்ற நம்பிக்கையும் மலைக்கோயிலோடு சேர்ந்தது. அதை எண்ணாக மாற்றி ‘+50’ போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மனத்தெம்பு என்ற அளவை வைத்திருந்தால் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சிப் பக்கம் விளையும் மலைப்பூண்டு வேறொரு பாடம். அதுவும் புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஈர மலையில் பூண்டைக் குவித்து வைத்தால் முளைக்கும், அழுகும். தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டிப் புகை படும் இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் நிற்கும். பிறகு அடிவாரத்தில் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. அடுப்புக்கு மேலே இருக்கும் பரண், விளையாட்டில் வெறும் அலமாரியாக இல்லாமல் கெடும் வேகத்தை மாற்றும் இடமாக இருக்கவேண்டும். அடுப்பு எரியாத நாட்களில் அந்தப் பலன் நின்றுவிட வேண்டும்.

கட்டுச்சோற்றை மறக்க முடியுமா? தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கிறவர்கள், அதிலும் செட்டிநாட்டிலிருந்து காவடியோடு வரும் நகரத்தார், எதைக் கட்டிக்கொண்டு நடக்கலாம், எதைக் கட்டக்கூடாது என்பதை நூற்றாண்டுகளாகத் தேர்ந்தவர்கள். புளியும் நல்லெண்ணெயும் உப்பும் சேர்ந்த சோறு மறுநாளும் தாங்கும். தேங்காய் சேர்த்தது மத்தியானத்தைத் தாண்டாது. உங்கள் சமையல் பட்டியலில் சேர்மானம் வெறும் சுவையைக் கூட்டுகிறது. இங்கே சேர்மானம்தான் ஆயுள்.

இனி சில சின்ன விஷயங்கள். தாண்டிக்குடிப் பக்கத்துப் பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். நேரம் ஓட ஓட நல்லதாகிப் பிறகு கெடும் பொருள் ஒன்றாவது வேண்டும். வாழைத்தாரோடு மற்ற காய்களைப் போட்டால் அவையும் முந்திப் பழுக்கும். வெளிச்சத்தில் கிடந்து பச்சை பூத்த உருளைக்கிழங்கு கசக்கும், வயிற்றைக் கெடுக்கும், வேகவைத்தும் பயனில்லை. கொடைக்கானலில் கல்லாக இருக்கும் சாக்லேட் வத்தலக்குண்டு வருவதற்குள் குழம்பாகும். மறுபடி இறுகும்போது மேலே படரும் வெள்ளைப்பூச்சு பூசணமல்ல, தின்னலாம். கெட்டது போலத் தோன்றும் நல்ல பொருள் அது. நல்லது போலத் தோன்றும் கெட்ட பொருளும் வேண்டுமென்றால் அதற்கும் இந்த ஊரில் வரலாறு உண்டு. ஹிந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே வந்த பிறகு 2001இல் மூடப்பட்டது. ஏரி மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். மணம் மாறாது, நிறம் மாறாது, பொரித்தாலும் போகாது. இன்று தின்றால் இன்று ஒன்றும் ஆகாது. உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் விளைவுக்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

பசியைப் பற்றி ஒரு வேண்டுகோள். பத்து நாள் பட்டினி கிடந்தவர் பதினைந்து வாழைப்பழத்தை ஒரே மூச்சில் தின்று, பத்து விநாடியில் ஓட ஆரம்பிக்கிறார் உங்கள் ஆட்டத்தில். நெடும்பட்டினிக்குப் பின் ஒரேயடியாகச் சாப்பிட்டால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுபோகவும் கூடும். போர்க்கால முகாம்களிலிருந்து மீண்டவர்கள் பலர் அப்படி இறந்திருக்கிறார்கள். கஞ்சித்தண்ணீரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறவேண்டும். அதேபோல, காட்டுமாட்டை வீழ்த்தி வயிற்றை நிரப்பும் கற்பனையையும் விடுங்கள். கொடைக்கானல் தெருவிலேயே நடமாடும் அந்தப் பிராணி சட்டத்தால் காக்கப்பட்டது. அதை விடுங்கள், எடை எண்ணூறு, ஆயிரம் கிலோ. தனியாள் ஒருவன் அதை வீழ்த்தினாலும் சில கிலோவைத் தவிர மிச்சமெல்லாம் அழுகலுக்கும் செந்நாய்க்கும்தான். மணம் மிருகங்களை இழுக்கும் என்பதை மட்டும் சேருங்கள். பலாப்பழம் வைத்திருக்கும் குடிசைக்கு யானை வரட்டும், தேன் வைத்திருப்பவரிடம் கரடி வரட்டும், எதை வைத்திருந்தாலும் குரங்கு வரட்டும்.

நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இத்தனையும் வைத்தால் யார் ஆடுவார்கள், இது விளையாட்டா, சத்துணவு மையத்துப் பதிவேடா? நியாயமான பயம்தான். அமேசான் காட்டில் நடக்கும் கிரீன் ஹெல் மாவு, கொழுப்பு, புரதம், நீர் என்று நான்கு அளவுகளைக் கைக்கடிகாரத்தில் காட்டுகிறது. அதை விரும்பி ஆடுகிறவர்கள் ஏராளம், அலுத்து விட்டவர்களும் உண்டு. என் யோசனை, அளவுகளைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். விழுக்காடு காட்டும் எண்ணே வேண்டாம். ஆட்டக்காரர் பொருளைக் கையில் எடுத்து மோந்து பார்க்கட்டும், விரலால் அமுக்கட்டும், சோற்றைப் பிசைந்து நூல் வருகிறதா என்று பார்க்கட்டும். எண்ணெய்க் காறல், பால் திரிதல், சோறு ஊசுதல், பூசணம், புழு எல்லாம் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேடு. காறிய முறுக்கைத் தின்றால் முகம் சுளிப்போம், சாகமாட்டோம். வண்டு விழுந்த அரிசியைப் புடைத்து வெயிலில் போட்டால் சரியாகிவிடும். பூசணம் பிடித்த நிலக்கடலை ஈரலுக்கு நஞ்சு. ஒரே அழுகல் உருண்டைக்குள் இவ்வளவையும் அமுக்கியதால்தான் கெட்ட உணவு உங்கள் ஆட்டங்களில் சுவாரசியம் இல்லாமல் கிடக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. முதல் பதிப்பில் உயரம், ஈரம், தாமதமாக வரும் விளைவு, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். எழுதுமுன் ஒரு நடை வந்துபோங்கள். கும்பக்கரையிலிருந்து நெடுங்காலம் சாலையே இல்லாமல் குதிரையிலும் தலைச்சுமையிலும் அரிசி ஏற்றிய வெள்ளகவி வழியாக ஏறலாம். அந்த ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சோதனைப் பதிப்பு தயாரானதும் சென்னை நண்பர்களிடம் கொடுப்பதற்கு முன், மன்னவனூரிலும் பூம்பாறையிலும் பூண்டு காயப்போடும் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர்கள் எங்கெங்கே சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களையெல்லாம் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளை விடாமல் ஆடும் மலைக்காரன்